நாறாத வண்டி

கொட்டகைத் தரையில் புருஷன்காரன் மறுபடியும் பினாயிலை ஊற்றித் தேய்க்கிறான். காலையில் மின்சாரப் பிக்கப் வந்து நிற்கப்போகும் இடம். சுவரில் புதிதாய் மாட்டிய சார்ஜர் பெட்டியின் பச்சை வெளிச்சம் ஈரத்தில் பாசியாய் மினுங்குகிறது. கொட்டகையில் கிடந்த கருவாட்டு மூட்டைகள் அவள் கட்டிலைச் சுற்றி ஏறிவிட்டன, தலையணையில் செதில். கருவாட்டு வாடை அவளுக்குச் சோறு போட்ட வாடை. குமட்டுவது இந்தப் பினாயில்தான். “விடிஞ்சா சந்தை. சரக்கு எதுலங்க போகும்?” என்கிறாள். “அதுக்குன்னு புது வண்டியிலயா ஏத்துவ? சீட்டு கவரையே நான் பிரிக்கப் போறதில்ல. ஒருதடவை ஏத்தினா நாத்தம் ஜென்மத்துக்கும் போகாது.” “கருவாடு வித்த காசு நாறல, வண்டி மட்டும் நாறுமோ?” அவனோ வண்டிக்குள் தொங்கவிட வாங்கிய வாசனை அட்டையை மூக்கில் வைத்துக் கண்ணை மூடிச் சொக்குகிறான். அவள் காறித் துப்பிவிட்டு, போன வாரம் அவர்களுடைய பழைய டீசல் வண்டியை அடிமாட்டு விலைக்கு வாங்கி ஓட்டிப்போன தரகரைப் போனில் பிடிக்கிறாள். “அண்ணே, நம்ம பழைய வண்டி நாளைக்கு வாடகைக்குக் கிடைக்குமா?” “தாராளமா, தங்கச்சி. ஆனா கருவாடுன்னா வாடகை ரெண்டு மடங்கு. வண்டி நாறிடும் பாருங்க.”