வாசலுக்கு ஒரு காவலர்

"வரின்னதும் எகிறிக் குதிச்சவங்க, பரிசுச் சீட்டுன்னதும் எப்படி அள்ளிக்கிட்டுப் போறாங்க பாருங்க, மிஸ் ட்ரூடி!"

தலைமை ஆசிரியர் ஹாஸ்கெல்லுக்கு வாயெல்லாம் பல். மூன்றாம் வகுப்பு ஆசிரியை ட்ரூடி அடுத்த சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

துப்பாக்கி ஒன்றுக்கு ஆண்டுக்கு இருபது டாலர் வரி. அந்தப் பணத்தில் பள்ளி வாசலுக்கு ஒரு காவலர். இதற்காக அவள் ஊரில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினாள். "எங்க உரிமைக்கே வரி போடுவியா?" என்று முகத்திலடித்தாற்போல் கதவைச் சாத்தினார்கள். வாக்கெடுப்பில் வரி படுதோல்வி.

இப்போது அதே காவலருக்காகப் பள்ளி விளையாட்டுக் கூடத்தில் விருந்தும் குலுக்கலும். மாட்டுக்கறியும் சோள ரொட்டியும் தின்றுகொண்டே ஊர் சீட்டு வாங்கியது. வெட்கங்கெட்ட ஊர்!

வரிசையில் லைல் கெம்ப்பரும் நின்றான். விவாகரத்தானவன். போன மாதம், கோர்ட் அவனுக்கு ஒதுக்காத ஒரு நாளில், ட்ரூடியிடம் படிக்கும் மகளைக் கூட்டிப்போக வந்து நின்றான். ட்ரூடி வகுப்பறையைப் பூட்டிக்கொண்டாள்.

"திரும்பி வருவேன்டீ! அன்னிக்கு எந்தக் கதவும் உன்னைக் காப்பாத்தாது!"

உள்ளே பிள்ளைகள் மேசைக்கடியில் நடுங்கின. ஷெரிஃப் வந்தார். "கோவத்துல சொன்னதும்மா, விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை.

"எனக்குப் பத்துச் சீட்டு" என்றான் லைல். பிறகு அவளைப் பார்த்து இளித்தான். "என்ன மிஸ், பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க? உங்க காவல்காரனுக்கு நானும்தான் காசு குடுக்கறேன்."

"உங்க பொண்ணுக்கும் சேர்த்துத்தான் காவல்."

"யார்கிட்டேயிருந்து?"

அவன் நகர்ந்ததும் அவள் கிசுகிசுத்தாள். "இவன் காசு நமக்கு வேண்டாம் சார்."

"காசுல யார் பேரும் எழுதியிருக்காதும்மா. காவலர் வர்ற நேரத்துல கெடுத்துடாதீங்க. வாங்க, நீங்கதான் சீட்டை எடுக்கணும். உங்க கை ராசியான கை."

மறுத்தால் காவலர் இல்லை. மேடையேறி, சீட்டுகளைப் போட்டிருந்த பாப்கார்ன் வாளிக்குள் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்தாள். பெயரைப் பார்த்ததும் சீட்டை மடிக்கப் போனாள்.

ஹாஸ்கெல் எட்டிப் பார்த்து மைக்கில் கத்தினார்.

"லைல் கெம்ப்பர்!"

கூடமே கைதட்டியது, விசில் பறந்தது. லைல் மேடையேறி ட்ரூடியை ஒட்டி நின்றான்.

"எல்லாருக்கும் ஒரு நல்ல சேதி! பணம் சேர்ந்தாச்சு. காவலர் அடுத்த மாசம் வேலைக்கு வந்துடுவார்" என்ற ஹாஸ்கெல், லைலின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துகள் லைல்! பள்ளிக்கூடத்துக்குள்ள துப்பாக்கி கொண்டுவரக் கூடாதுங்கறது சட்டம். அதனால உங்க பரிசு ரைபிளை நாளைக்குக் கடையிலயே போய் வாங்கிக்குங்க."