எறும்பு மொய்த்த காட்டுப்பூனை

கழுத்து இற்று விழுவதுபோல் வலித்தது. காலையிலிருந்து ஒரே இடத்தில் நின்று பசைக்காரியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தால் மேற்பார்வைக்காரிக்கு வலிக்காமல் என்ன செய்யும்?

பைண்டிங் கடையில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது, குழந்தைகள் தொட்டுப் பார்த்துப் படிக்கிற விலங்குப் புத்தகம். சிங்கத்துக்குப் பிடரியாக நூல், முயலுக்கு வாலாகப் பஞ்சு, காட்டுப்பூனைக்கு முதுகில் ரோமத் துணி. எல்லாவற்றையும் ஒட்டுவது பசைக்காரி ஒருத்திதான்.

ஒட்டி அடுக்கிய புத்தகங்களில் கொஞ்ச நாளாக எறும்பு.

“எறும்புக்கும் கதை கேக்க ஆசை போல!” மடிப்பு மேசையிலிருந்து ஒருத்தி சிரித்தாள்.

மேற்பார்வைக்காரி சிரிக்கவில்லை. கடையில் கொடுக்கிற டப்பாப் பசையை எறும்பு சீண்டாது. இவள் அதை வெளியே விற்றுவிட்டு, வீட்டில் மாவைக் காய்ச்சி எடுத்து வருகிறாள். காட்டுப்பூனைப் பக்கம் வந்ததும் துண்டால் மூக்கை மூடிக்கொள்கிறாளே, புளித்த மாவு அவளுக்கே நாறுகிறது.

“டப்பாப் பசைய எங்கடி வித்த, திருடி?”

“இதோ இருக்கேக்கா. சிங்கத்துக்கும் இதே பசைதான். காட்டுப்பூனைக்கு மட்டுந்தான் எறும்பு வருது.”

“பழியத் தூக்கித் துணி மேல போடுறியா? என் தம்பி நாயா அலைஞ்சு அடிமாட்டு விலைக்குப் பிடிச்சிட்டு வந்த துணிடி அது!”

பசைக்காரி குனிந்து அடுத்த அட்டைக்குப் பசை தடவினாள். திருடிப் பட்டத்தோடு வெளியே போனால், அந்த வட்டாரத்தில் எந்த பைண்டிங் கடையும் அவளை வாசல்படி ஏற விடாது.

“அடியில மாவு மட்டும் இருக்கட்டும், இப்பவே நடையைக் கட்டிரு!” மேற்பார்வைக்காரி காட்டுப்பூனையின் முதுகை நகத்தால் நெம்பிப் பிய்த்தாள்.

அட்டையில் பசை கண்ணாடி மாதிரி காய்ந்திருந்தது. மாவு இல்லை. பிய்த்த துண்டைத் திருப்பினாள். துணியென்றால் இருக்க வேண்டிய இழையும் இல்லை. விரலில் ஏதோ பிசுபிசுத்தது. முகர்ந்து பார்த்தவள் கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

மடிப்பு மேசையிலிருந்தவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

“என்னைத் திருடின்னீங்களே, அதுக்கு ஒரு மன்னிப்பு பாக்கி நிக்குதுக்கா,” என்றாள் பசைக்காரி. “மொதல்ல உங்க தம்பியக் கேளுங்க, இது யாரு வீட்டுப் பூனைன்னு.”