முதல் பக்கத்துப் பெட்டி

பெங்களூர் ஆடுகோடியில் கிளிஃபர்டின் சவப்பெட்டிக் கடைக்குள் காலை வெயில் நீளமாக விழுகிறது. மரத்தூள் அதில் மிதக்கிறது. "சைட் லைவ் ஆயிடுச்சு அங்கிள்!" கடைக்கு இணையதளம் செய்துகொடுத்த சிந்து கைதட்டுகிறாள். கிளிஃபர்டின் மனைவி கேத்தரின், கேக் வெட்டக் கொண்டுவந்த கத்தியோடு லேப்டாப் பக்கம் குனிகிறாள். முதல் படத்தில் ஒரு தேக்குப் பெட்டி மினுங்குகிறது. மூடியில் பித்தளைத் தகடு. அதில் கேத்தரினின் பெயர், பிறந்த வருடம், ஒரு சிறு கோடு, பிறகு வெறும் பித்தளை. படத்துக்குக் கீழே பச்சை எழுத்தில், 'உடனடியாகக் கிடைக்கும்.' சிந்துவின் கைகள் அப்படியே நிற்கின்றன. "பரண்ல சாக்கு போட்டு மூடி இருந்துச்சு ஆன்ட்டி. இருக்கறதுலயே அதுதான் அழகா இருந்துச்சு. பேரு சும்மா சாம்பிளுக்குன்னு நெனச்சுட்டேன்." கிளிஃபர்ட் எதையோ தேடுவதுபோல் மேசையைத் தடவுகிறார். "நல்ல தேக்கு வந்துச்சு கேத்தி. வேற யாருக்கும் குடுக்க மனசு வரல." கேத்தரின் கத்தியைக் கீழே வைக்கவில்லை. மறு கையால் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறாள்: பலா, பிளைவுட், குழந்தைகளுக்கான சின்ன வெள்ளைப் பெட்டி. ஒவ்வொரு மூடியையும் உற்றுப் பார்க்கிறாள். எதிலும் தகடு இல்லை. படங்கள் முடிந்துவிடுகின்றன. அப்போதுதான் கணவரை நிமிர்ந்து பார்க்கிறாள். "உங்களோடது எங்க?"