கை நுழையும் சந்து

அவர் விறகு அடுக்குக்குள் கையை விட்டார்.

முழங்கைவரை போயிற்று.

விட்ட கையை எடுக்காமலே தம்பியைத் திரும்பிப் பார்த்தார். கலியமூர்த்தி வரப்பில் நின்று கால் சேற்றைப் புல்லில் துடைத்துக்கொண்டிருந்தான்.

சவுக்குத் தோப்பு மட்டும்தான் இன்னும் பொது. மற்றதெல்லாம் பஞ்சாயத்தில் உட்கார்ந்து, கிணற்றுத் தண்ணீரில் கோடு கிழிக்காத குறையாகப் பிரித்தாயிற்று. அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வது தோப்பு வெட்டும்போது மட்டும்.

தோப்புக்கு அப்பா ஒரு சட்டம் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஊரில் இருப்பவன் வெட்டி, இழுத்துப் போட்டு, காயவைத்து, இரண்டு அடுக்காக அடுக்க வேண்டும். டவுனில் இருப்பவன் வந்து, இரண்டில் ஒன்றை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளை நன்றாகத் தெரிந்துவைத்திருந்த அப்பா.

"முன்னாடி இருக்கறத எடுத்துக்குங்கண்ணா" என்றான் தம்பி.

அங்கேதான் அவருக்கு இடித்தது.

கடைக்காரன் வலிய எடுத்துக் கொடுக்கிற கத்தரிக்காயில் புழு இருக்கும். பண்ருட்டியில் தன் மளிகைக் கடையில் உட்கார்ந்து அவரே எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

முன் அடுக்கை ஒரு சுற்று வந்தார்.

ஒரு வரிசை நெடுக்கு, அதன்மேல் ஒரு வரிசை குறுக்கு. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே சந்து. சந்து வழியே அந்தப் பக்கம் மேய்கிற ஆடு தெரிந்தது.

மிளகில் பப்பாளி விதை கலப்பார்கள். பருப்பில் கல் கலப்பார்கள். காற்றைக் கலந்து இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

அடியில் செங்கல் வேறு. தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி வைத்திருந்தான். உயரம் காட்டத்தானே?

உச்சியில் நீலத் தார்ப்பாய். நான்கு மூலையிலும் கயிறு. அவிழ்த்துக் காட்டு என்று அவர் கேட்கவில்லை. அவிழ்க்கவா என்று அவனும் கேட்கவில்லை.

பின் அடுக்கு மரநிழலில் திறந்த மேனிக்குக் கிடந்தது. பாய் இல்லை. செங்கல் இல்லை. கட்டையோடு கட்டை ஒட்டி, பல்லி நுழைய இடமில்லை. காலால் ஒரு எத்து விட்டுப் பார்த்தார். அசையவில்லை.

சரக்கென்றால் கனம் வேண்டும்.

"என்னா மொதலாளி, பொண்ணு பாக்க வந்தவரு மாதிரி சுத்திச் சுத்தி வர்றீங்க?" டிராக்டர் ஓட்டி வந்த ஜெயசீலன் சிரித்தான். "நடந்து காட்டச் சொல்லட்டுமா?"

அவர் சிரிக்கவில்லை. டிராக்டர் இருக்கையில் மஞ்சள் பை தொங்கியது. உள்ளே மகளின் கல்யாணப் பத்திரிகை. தையில் முகூர்த்தம். விறகடுப்பு என்றால்தான் வருவேன் என்று சமையல்காரர் சொல்லிவிட்டார். சித்தப்பா வந்தால்தான் மணையில் உட்காருவேன் என்று மகள் சொல்லிவிட்டாள்.

பங்கு நேராக இருந்தால் தம்பிக்குப் பத்திரிகை கொடுப்பது. இல்லாவிட்டால், மகளுக்கு ஒரு பொய் தயாராக இருந்தது: கொடுத்தேன், அவன் வாங்கவில்லை.

"பின்னால இருக்கறது" என்றார்.

தம்பி நிமிர்ந்தான். "அண்ணா, அது வந்து..."

"சட்டம்னா சட்டம்டா."



பதறுகிறான். அப்படியென்றால் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறோம்.

ஜெயசீலன் ஏற்றத் தொடங்கினான். தம்பியும் கூடத் தோள் கொடுத்தான்.

முதல் கட்டை டிரெய்லரில் விழுந்தது.

தொப்.

இரண்டாவதும் தொப்.

காய்ந்த சவுக்கு அப்படி விழாது. டங்கென்று கேட்கும்.

மேல் வரிசைகளை எடுத்ததும் காளான் தெரிந்தது. அதற்கும் கீழே கரையான்.

"இதுல சோறு வேகாது மொதலாளி. சமையக்காரன் கண்ணுதான் வேகும்."

ஐப்பசி மழை முழுவதையும் குடித்துவிட்டு மூச்சுவிட இடமில்லாமல் கிடந்த விறகு.

அவர் முன் அடுக்கைத் திரும்பிப் பார்த்தார். சந்து வழியே காற்று போய்க்கொண்டிருந்தது. தார்ப்பாயின் ஓரம் மெல்லப் படபடத்தது.

அவனிடம் இருந்தது ஒரே ஒரு தார்ப்பாய்.

மாற்றிக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சட்டம்னா சட்டம்டா என்று சொன்ன வாய். அது திறக்கவில்லை.

டிரெய்லர் நிறைந்தது.

தம்பி முன் அடுக்கிற்குப் போனான். ஒரு மூலைக் கயிற்றை அவிழ்த்தான். உச்சியிலிருந்து ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு வந்தான்.

பட்டை உரித்த கட்டை. ஒரு முனையில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருந்தது. மஞ்சள் காய்ந்து வெடித்துப்போயிருந்தது. பூசி நாளாகியிருக்க வேண்டும்.

"கல்யாண அடுப்புக்கு மொதக் கட்டை. இது பங்குல சேராதுண்ணா."

கல்யாணம் என்று அவர் இவனிடம் இதுவரை சொல்லவே இல்லை.

இரண்டு கையாலும் வாங்கினார். பழக்கதோஷம், கை தானாக எடை போட்டது.

கனமே இல்லை.

தம்பி கிணற்றடிக்குப் போய்க்கொண்டிருந்தான். முதுகில் ஈர விறகின் கறை.

ஜெயசீலன் இஞ்சினைக் கிளப்பினான். இருக்கையில் மஞ்சள் பை குலுங்கியது.

"போலாமா மொதலாளி?"

பையை எடுக்க ஒரு கை வேண்டும். கட்டையை எங்கேயாவது வைக்க வேண்டும். தரையெல்லாம் சேறு. டிரெய்லரெல்லாம் ஈரம்.

திரும்பி நடந்து, முன் அடுக்கின் உச்சியில், எடுத்த இடத்திலேயே அதை வைத்தார்.

பிறகு, இஞ்சினை நிறுத்தச் சொன்னார்.