வலது கால்

கண்மணியின் கால் முறிந்த சத்தம் சேனாபதிக்குக் கேட்டதாம். ஸ்கீதான் முறிந்துவிட்டதோ என்று ஒரு கணம் உயிரே போய்விட்டதாம்.

முதலுதவி அறைக் கட்டிலில் மனைவியைக் கிடத்திய பிறகு, ஆறுதலாக அவன் சொன்ன முதல் விஷயம் இதுதான்.

அவளுடைய வலது கால் இரண்டு அட்டைகளுக்கு நடுவே பட்டை பட்டையாகக் கட்டப்பட்டிருந்தது. பனியில் சறுக்கிப் போகிற அந்த ஸ்கீக்கள் ஒரு கீறல் இல்லாமல் சுவரோரம் சாய்ந்து நின்றன. முனையில் வைத்த குங்குமம்கூடக் கலையவில்லை.

போன கோடையிலிருந்து அவனுக்கு அந்த ஸ்கீக்களைத் தவிர வேறு பேச்சில்லை. மலையின் எந்தப் பக்கமும் இறங்கலாம், எந்தப் பனியிலும் போகலாம், ஃப்ரீரைடு ரகம். குபெர்டினோ வீட்டில் தோசைக்குத் தொட்டுக்கொள்ள அதன் விமர்சன வீடியோக்கள்தான். அந்த ஸ்கீயின் இடுப்பளவு அவனுக்கு மில்லிமீட்டர் சுத்தமாகத் தெரியும். கண்மணிக்குச் சுடிதார் வாங்கப் போனால் மட்டும் கடையிலிருந்து போன் செய்து அளவு கேட்பான்.

அவ்வளவு ஆசைப்பட்ட பொருளில் முதல் ஆளாக அவளை ஏற்றியதற்குக் காரணம், அவளுடைய கால் ராசி.

கல்யாணமாகி அவள் வலது காலை எடுத்து வைத்த மாதம்தான் அவனுக்கு விசா வந்தது. வந்தது வினை. புதுக் கார், புது வீடு, புது சோபா, எதுவானாலும் முதலில் கண்மணியின் கால். டிரெட்மில்லில்கூட அவள்தான் முதலில் ஏறினாள். அதற்குப் பிறகு அதில் ஈரத்துண்டு தவிர எதுவும் ஏறவில்லை என்பது வேறு விஷயம்.

காலையில், தாஹோ மலையடிவாரத்தில் காரை நிறுத்திய இடத்திலேயே, ஸ்க்ரூடிரைவரோடு மண்டியிட்டான். ஸ்கீயில் பூட்ஸைக் கவ்விப் பிடிக்கும் பைண்டிங்கை அவளுடைய வாடகை பூட்ஸ் அளவுக்கு நகர்த்தினான். பிறகு அதிலிருந்த இன்னொரு திருகை, இதற்கு மேல் திரும்பாது என்கிற வரைக்கும் திருகினான்.

“ஏனுங்க, இத்தனை டைட்டாவா?”

“நடுவுல கழண்டுட்டா? எஞ்சினியருக்கே சொல்லித் தராத கண்மணி. சும்மா இருபதடி போ. ராசிக்குத்தான். அப்புறம் நான் பாத்துக்கறேன்.”

இருபதடிகூடப் போகவில்லை. பெரிய வேகமும் இல்லை. குழந்தைகள் சறுக்குகிற சரிவில் மெதுவாகச் சாய்ந்தாள். உடம்பு ஒரு பக்கம் திரும்பியது. நீள ஸ்கீ திரும்ப மறுத்தது. நடுவில் மாட்டிக்கொண்டது கால்.

இப்போது அவன் தன் அம்மாவுக்கு போன் செய்ய முதலுதவி அறைக்கு வெளியே போனான். கட்டுப் போட்டுவிட்ட, மலை மீட்புப் பணியிலிருக்கும் பேட்ரோல்காரப் பெண், சுவரோரம் நின்ற ஸ்கீயைத் தட்டிப் பார்த்தாள். பைண்டிங் அருகே குனிந்தாள். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

இதை முறுக்கியது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

கணவர் என்றாள் கண்மணி.

விழும்போது பூட்ஸை விட்டுவிடுவதுதான் இதன் வேலை, இது விடவே விடாது, இதில் யார் விழுந்தாலும் இதே கதிதான், வேகமாகப் போய் விழுந்தால் இதைவிட மோசம் என்றாள் அந்தப் பெண். கடையில் கொடுத்துச் சரிசெய்யாமல் அவர் இதில் ஏறவே கூடாது, சொல்லிவிடுவீர்கள்தானே?

கண்மணி தலையாட்டினாள். அதற்குள் இடுப்பிலிருந்த ரேடியோ கூப்பிட, அந்தப் பெண் வேறு யாரோ விழுந்த இடத்துக்கு ஓடினாள்.

கண்மணிக்கு முதலில் கணவன் நினைவுதான் வந்தது. அவர் ஏறியிருந்தால்? முறிந்த காலை வைத்துக்கொண்டு முறியாத காலுக்காகப் பயந்தாள். பல வருடப் பழக்கம், வலி மாத்திரைக்கெல்லாம் அடங்காது. எப்படிச் சொன்னால் அவர் முகம் வாடாது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டாள்.

பேசிக்கொண்டே சேனாபதி உள்ளே வந்தான்.

“இல்லம்மா, எனக்கு ஒண்ணுமில்ல, அவளுக்குத்தான். எனக்கு வர இருந்ததை அவ கால் வாங்கிருச்சு. ராசின்னா சும்மாவா?”

மறுமுனையில் மாமியார் குலசாமிக்கு நன்றி சொல்வது கட்டில் வரை கேட்டது.

போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஸ்கீக்களைத் தரையில் கிடத்தினான். ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். பைண்டிங்கைத் தன் பூட்ஸ் அளவுக்கு நகர்த்தினான். அந்த இன்னொரு திருகைத் தொடவில்லை.

“ஆம்புலன்ஸ் பனியில மாட்டிக்கிச்சாம், லேட்டாகும்னாங்க. அதுக்குள்ள மேல உச்சி வரைக்கும் போய் ஒரே ஒரு ரன் அடிச்சுட்டு வந்துர்றேன். திருஷ்டியும் கழிஞ்சுருச்சு.”

கண்மணி வாயைத் திறந்தாள்.

அவனே கேட்டான். “ஆமா, அந்தப் புள்ள என்ன சொல்லிட்டுப் போச்சு?”

“எதைப் பத்திங்க?”

“ஸ்கீயப் பத்தித்தான். தட்டிப் பாத்துட்டு இருந்துச்சே, கண்ணாடி வழியாப் பாத்தேன்.”

கண்மணி அவனையே பார்த்தாள். அவன் ஸ்கீயின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தான். கைக்குழந்தையின் கன்னத்தைத் தொடுவது போல அத்தனை பதமாக.

“ஒண்ணும் ஆகலையாமுங்க,” என்றாள். “நல்லா கெட்டியாப் பிடிக்குதாம். தைரியமா ஏறச் சொன்னாங்க.”