ஒரு பக்கம் தூக்கிய வண்டி

"ஏம்மா, தையல் மெஷின்னு நெனச்சுக் கை வெச்சியா? வண்டி நொண்டி அடிக்குது பாரு!"

மாடிப்படியில் நின்றபடி அண்ணன் உரக்கச் சொன்னார். எதிர் வீட்டுக்கும் கேட்க வேண்டும் என்பது அவர் விருப்பம். கேட்டது.

அவர் சொன்னதில் பொய்யில்லை. வாசலில் நின்ற காரின் முன்புறம் இடது பக்கமாகத் தூக்கியிருந்தது. கண் உள்ள எவருக்கும் தெரியக்கூடிய கோணல்.

கீழ் வீட்டில் இருக்கும் தங்கை, தையற்கடை நடத்துபவள். உயரத்தைத் திருகிக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள புது ஸ்பிரிங் செட்டைப் போன வாரம் ஒர்க்‌ஷாப்பில் மாட்டியவள், "உயரத்தை நானே வெச்சுக்கறேன்" என்று சொல்லி வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டாள்.

காலையிலிருந்து அதே வேலை. ஜாக்கி ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றுவாள். ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தைத் திருகுவாள். சக்கரத்தை மாட்டி இறக்குவாள். ஸ்பிரிங் படியட்டும் என்று வண்டியை முன்னும் பின்னும் உருட்டுவாள். பிறகு சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை இஞ்ச் டேப்பால் அளப்பாள். நடுவே தண்ணீர்க் கேன்களை முன்சீட்டில் ஏற்றினாள், அளந்தாள், மறுபடியும் இறக்கினாள்.

"கேனுக்கு சீட் பெல்ட் போடலையா?" என்றார் அண்ணன்.

அவள் அளவைக் குறித்துக்கொண்டாள்.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். தாம் அறியாத வண்டியும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லை.

"இடது பக்க வளையத்தை இறக்கும்மா. சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்."

"தெரியும்ணா."

"தெரிஞ்சா ஏன் இப்படி நிக்குது?"

"ஹேங்கர்ல தொங்கற சட்டையைப் பாத்துத் தையலைக் குறை சொல்லக்கூடாது. போட்டுப் பாத்துட்டுத்தான் சொல்லணும்."

"வாய் மட்டும் கோணாம வருது!"

எதிர் வீட்டுக்காரர் சிரித்தார். அவள் லாக் வளையத்தை இறுக்கிவிட்டுக் கருவிகளைப் பெட்டியில் போட்டு மூடினாள். கோணல் அப்படியே இருந்தது.

மாலையில் அவள் மகளுக்கு நீச்சல் போட்டி, இறுதிச் சுற்று. அப்பா வர வேண்டும் என்பது மகளின் ஒரே கோரிக்கை. அப்பா எந்தப் போட்டிக்கும் வந்ததில்லை.

அவர் கனத்த உடம்புக்காரர். அவர் ஏறினால் வண்டி அவர் பக்கமாகச் சாயும். தெருமுனை வேகத்தடையில் அடிப்பாகம் கரகரவென்று உரசும். முதல் போட்டிக்குக் கிளம்பிய அன்று அப்படித்தான் உரசியது. "மாப்பிள்ளை ஏறினா வண்டியே குனிஞ்சு கும்பிடுது!" என்றார் மாடி வீட்டு மச்சான். தெருவே சிரித்தது. அங்கேயே இறங்கி வீட்டுக்கு நடந்து வந்தவர், பிறகு காரில் ஏறவேயில்லை. யார் கூப்பிட்டாலும், "வேலை இருக்கு" என்பார்.

மகள் நீச்சல் பையுடன் வாசலுக்கு வந்தாள்.

"அப்பா, இன்னிக்கும் வேலையா?"

அவர் மாடிப்படியைப் பார்த்தார். கோணலாக நின்ற வண்டியைப் பார்த்தார்.

"அம்மாகூடப் போயிட்டு வாடா கண்ணு. வண்டி வேற சரியா நிக்கலை."

மனைவி இடது பக்க முன்கதவைத் திறந்து பிடித்தாள். நகக்கண்ணில் கிரீஸ் இன்னும் போகவில்லை.

"ஏறுங்க."

"எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். அந்த மேடு வரைக்கும் வாங்க. உரசிச்சுன்னா நானே இறக்கி விடறேன். இறக்கி விட்டுட்டு நானும் உங்களோட நடந்து வரேன்."

"அப்போ நான் நீந்தியே போய்க்கறேன்!" என்றாள் மகள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த மனிதரால் பிடிவாதம் பிடிக்க முடியாது. ஏறி உட்கார்ந்தார்.

"ஏறட்டும், ஏறட்டும்!" என்று மாடியிலிருந்து குரல் வந்தது. "மேட்டைச் செதுக்கி விட்ட புண்ணியமாவது கிடைக்கும்!"

வண்டி கிளம்பியது. உரசும் சத்தத்தைக் கேட்பதற்கென்றே அண்ணன் தெருவுக்கு இறங்கி வந்தார்.

மேடு நெருங்கியது. உள்ளே இருந்தவர் கதவின் கைப்பிடியை இறுகப் பற்றிக் கண்ணை மூடிக்கொண்டார். முன்சக்கரங்கள் ஏறின, இறங்கின. பின்சக்கரங்கள் ஏறின, இறங்கின.

சத்தம் இல்லை.

"அடேயப்பா, நூல் பிடிச்ச மாதிரி போகுதே!" என்றார் எதிர் வீட்டுக்காரர். சிரிப்பதற்குத் திறந்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல், அண்ணன் ஒரு கொட்டாவி விட்டுவைத்தார்.

பின் இருக்கையிலிருந்து மகள் கத்திய கத்தலில், போட்டி அப்போதே முடிந்து பதக்கமும் வாங்கியாகிவிட்டது என்று எண்ணத் தோன்றும்.

அடுத்த தெருவில் ஒரு கடையின் கண்ணாடிச் சுவரை ஒட்டி வண்டி போனது. அவர் திரும்பிப் பார்த்தார். கண்ணாடியில் தெரிந்த கார் இம்மியளவும் சாயாமல் நிமிர்ந்து போய்க்கொண்டிருந்தது. அதில் தாமும் உட்கார்ந்திருந்தார்.

"கிளம்பும்போதுகூடக் கோணலாத்தானே நின்னுச்சு? எப்போ சரி பண்ணினே?"

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் எங்கே சரி பண்ணினேன்? நீங்க இறங்கிட்டா மறுபடியும் கோணல்தாங்க."