பதினாறு வாசகர்கள்

"அந்தப் பழம்பொருள் கொலைக் கதையா? நெட்ல பதினாறு பேர் ஆஹா ஓஹோன்னு எழுதியிருக்காங்க. ஒருத்தன் மட்டும் ஒத்தை ஸ்டார் போட்டுக் கிழிச்சுத் தொங்க விட்டிருக்கான்."

"எவனாவது வயித்தெரிச்சல் பிடிச்சவனா இருப்பான், விடு."

மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேம் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது அது. எதிரே நின்று லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தவள்தான் அந்த நாவலை எழுதியவள் என்று அவர்களுக்குத் தெரியாது. அவள் லென்ஸின் மேல் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டாள்.

முதல் நாவல். பழம்பொருள் சேகரிக்கிற ஓர் ஆசிரியை, ஏலம் கேட்கப்போன வீட்டில் நடந்த கொலையைத் துப்பறிகிற கதை. அந்தப் பதினாறு பேரை நம்பித்தான், வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் எழுதுவது என்று முடிவு செய்திருந்தாள். ராஜினாமாக் கடிதம் கைப்பையில் தயாராக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் செல்போனும் கையுமாக உட்கார்ந்தாள். ஒற்றை நட்சத்திரக்காரனுக்கு நறுக்கென்று நாலு வார்த்தை எழுத வேண்டும்.

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சாச்சா?" என்றாள் மாமியார். டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. "ஓட்டை உடைசலை வாங்கி அடுக்கறவளைப் பத்தி ஒரு கதை. அதுல கொலை வேற!"



இவள் அந்த ஒற்றை நட்சத்திரக்காரன் எழுதியதை இன்னொரு தடவை படித்தாள்.

'பளிங்கு மைக்கூட்டால் மண்டையில் அடித்துக் கொலையாம். கூடு நிறைய மை. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லையாம். காதில் பூ சுற்றுகிறார்கள்.'

மற்றவர்கள் எழுதியதை எடுத்து அவன் முகத்தில் வீசலாம் என்று தோன்றியது. இதுவரை நட்சத்திரங்களை மட்டும்தான் எண்ணியிருந்தாள். புகழ்ச்சியைப் படிக்கக் கூச்சம்.

'வெண்கலக் கடிகாரத்தால் அடிக்கிற இடம் பிரமாதம்!'

'அந்தக் கடிகாரம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.'

'இனி எந்தக் கடிகாரத்தைப் பார்த்தாலும் பயம்தான்.'

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அச்சான புத்தகத்தில் கடிகாரமே கிடையாது. முதலில் எழுதியபோதுதான் கடிகாரம். அவ்வளவு கனத்தை யார் தூக்கி அடிப்பது என்று பதிப்பாளர் கேட்டதால் மைக்கூடாக மாற்றினாள். அந்தப் பழைய பிரதியை யாருக்கும் காட்டியதில்லை. குப்பையில் போட வைத்திருந்ததை, "தாள் நல்லா கனமா இருக்கே" என்று மாமியார் எடுத்துப்போய்ச் சமையலறை அலமாரித் தட்டுகளில் அடுக்கடுக்காக விரித்தாள்.

ஓடிப்போய் ஒரு டப்பாவை நகர்த்திப் பார்த்தாள். எழுத்துள்ள பக்கம் மேலே இருந்தது.

"அத்தை... அந்தப் பதினாறு பேரும்..."

மாமியார் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "நான்தான். அவன் திட்டி எழுதின அன்னிக்கு நீ ஒரு வாய்கூடச் சாப்பிடலை. எனக்கு மனசு கேக்கலை. ஆளுக்கொரு பேரு வெச்சு டைப் அடிச்சுப் போட்டேன்."

அப்படியானால் கருத்து எழுதியவர்களில் புத்தகத்தை உண்மையில் படித்தவன் அந்த ஒருத்தன்தான். நல்லவேளை, கடிதத்தை இன்னும் கொடுக்கவில்லை.

"இது எல்லாரையும் ஏமாத்தற வேலை இல்லையா அத்தை? பொய் சொல்றதுதான் சொன்னீங்க, புத்தகத்தை ஒரு தடவை புரட்டியாவது பாத்திருக்கக் கூடாதா? கடிகாரம் இல்லைன்னு தெரிஞ்சிருக்குமே!"

கத்தி நின்றது.

"எங்கிட்ட எங்கேம்மா கொடுத்தே? பதிப்பாளர் அனுப்பின இருபத்தஞ்சு புத்தகத்தையும் கடைக்கு, மாடி வீட்டுக்கு, எதிர் வீட்டுக்குன்னு எடுத்து எடுத்துக் கொடுத்தே. நான் டப்பாவை நகர்த்தி நகர்த்தித்தான் படிச்சேன். கடைசித் தாள்ல எண்ணெய் கொட்டிடுச்சு. கொலை பண்ணது யாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."



அவள் அறைக்குள் போய்ப் புத்தகப் பெட்டியைத் துழாவினாள். ஒரு பிரதிகூட மிச்சமில்லை.

செருப்புக்கூட மாட்டாமல் வெளியே வந்து எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள். "போன மாசம் கொடுத்தேனே ஒரு புத்தகம், அதைக் கொஞ்சம் திருப்பித் தர்றீங்களா?" என்று கேட்டாள்.